தெற்கே தள்ளிய கோடு

சாமி, உன் கடிதம் வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. ஓவர்சீயராகச் சார்ஜ் எடுத்துவிட்டாய் என்பதையும், முதல் வேலையே ராசிபுரத்திலிருந்து நாமகிரிப்பேட்டை போகிற நம் ரோட்டை அகலப்படுத்துவதுதான் என்பதையும் உன் அம்மாவுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். மேஸ்திரி மகன் ஓவர்சீயர் ஆகிவிட்டான் என்று அவள் அக்கம்பக்கமெல்லாம் சொல்லிவிட்டு வந்தாள். மூன்றாவது தடவை எனக்கு மட்டும் வாசித்துக்கொண்டேன். கடைசியில் நாலு வரி எழுதியிருந்தாய். மருமகள் ஏழு மாதம், இந்தச் சமயத்தில் அத்தை கல்லை அசைப்பது நல்லதல்ல என்று அம்மா பயப்படுகிறாள், அப்பா அந்தக் காலத்தில் காப்பாற்றியது போலவே நானும் காப்பாற்றுகிறேன், நாலாவது மைலில் ரோட்டுக் கோட்டைத் தெற்கே தள்ளிவிட்டால் தீர்ந்தது என்று. அதை வாசித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வருகிற திங்கட்கிழமை நீ கோடு குறித்து முளை அடிக்க வருகிறாய். அதற்கு முன்னால் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிட வேண்டும். நேரில் சொல்லலாம்தான். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

உன் அத்தையை நீ பார்த்ததில்லை. என்னைவிட மூன்று வயது மூத்தவள், நல்லாயி. தலைச்சன் பிள்ளைக்கு நிறைமாதமாக இருந்தபோது, பிள்ளையும் வெளியே வராமல், அவளும் பிழைக்காமல் போய்விட்டாள். அப்படிப் போகிற பெண்களுக்கு நம் பக்கத்தில் ரோட்டோரம் சுமைதாங்கி நடுவது வழக்கம் என்பது உனக்குத் தெரியும். இரண்டு கல்லை நிறுத்தி, மேலே ஒரு பலகைக்கல்லைப் படுக்கப் போட்டு, தோள் உயரத்துக்கு அமைத்துவிடுவார்கள். தலைச்சுமையோடு நடக்கிறவர்கள் இன்னொருவர் கை இல்லாமலே அதில் இறக்கி வைத்து மூச்சு வாங்கிக்கொள்ளலாம். அவள் இறக்காமல் போன சுமையை வழியே போகிறவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாக இறக்கித் தருகிறார்கள் என்பது நம்பிக்கை. என்னைப் பெற்றவர், உன் அப்பாரு, காடு விற்ற பணத்தில் நல்ல கல்லாக வாங்கி, பெயர் வெட்டி, ரோட்டுக்கு வடபுறம், போதமலையைப் பார்த்தாற்போல நட்டார். நீ பள்ளிக்கூடம் போகிற நாளில் புத்தகப் பையை அதன் மேல் வைத்துவிட்டுப் புளியம்பழம் பொறுக்கப் போவாய். அந்தக் கல்தான்.

நீ பிறக்கிறதற்கு முன்னால் அது மாட்டுவண்டி ரோடு. இரண்டு வண்டி எதிரெதிரே வந்தால் ஒன்று வயலில் இறங்கித்தான் வழி விட வேண்டும். அப்புறம் மோட்டார் வர ஆரம்பித்தது. முதலில் கிழமைக்கு ஒன்று, பிறகு நாளுக்கு இரண்டு. ரோட்டைப் பக்கத்துக்கு நாலடியாக அகலப்படுத்த உத்தரவு வந்தது. அப்போது நான் அந்த ரோட்டுக்கு மேஸ்திரியாகி இரண்டு வருஷம். குறுக்கே வருகிற சுமைதாங்கிகளைப் பின்னால் தள்ளி நட்டுக்கொடுக்க வேண்டும் என்றுதான் உத்தரவிலும் இருந்தது. அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. உன் அப்பாருதான் கேட்கவில்லை. நட்ட கல்லைப் பிடுங்கினால் இறக்கின சுமை மறுபடி அவள் மேலேயே ஏறிவிடும் என்றார். உன் அம்மா அப்போது ஏழு மாதம். நீதான் வயிற்றில். அன்றைக்குக் காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது அவர் என் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றது இப்போதும் கண்ணில் நிற்கிறது.

"புள்ள மேல மறுக்கா சொமய ஏத்தாத. அவ கோவிச்சுட்டு ஊட்டுக்குள்ள வந்தான்னா, உள்ள ஒருத்தி மாசமா இருக்கறா. அத மட்டும் நெனச்சுக்க."

நானும் பயந்தேன். பயப்படவில்லை என்று எழுதினால் அதுவும் பொய்க் கணக்கில் சேரும். ஆனால் பயந்தவன் ஓவர்சீயரிடம் போய் உள்ளதைச் சொல்லியிருக்கலாம். நான் வேறு விதமாகப் போனேன். நாலாவது மைலில் வடபுறம் மண் சரியில்லை, அடியில் ஊற்று இருக்கிறது, மழைக்கு ரோடு உட்கார்ந்துவிடும், எட்டடியையும் தெற்கிலேயே எடுத்துக்கொண்டால் நல்லது என்றேன். அவர் புது ஆள், நல்ல மனுஷர். வெயில் வேறு மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. மேஸ்திரி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று குடையை விரித்துக்கொண்டு தலையாட்டிவிட்டார். கோடு தெற்கே போனது. வடபுறம் கடப்பாறையை ஒரு தடவை குத்திப் பார்த்திருந்தால் பாறை போல மண் என்பது தெரிந்திருக்கும். நீ ஒன்றை மட்டும் மனதில் வை. எந்த மேஸ்திரி மண்ணைப் பற்றி என்ன சொன்னாலும் உன் கையால் குத்திப் பார். உன் அப்பன் மேஸ்திரியாக இருந்தவன் என்பதால்தான் சொல்கிறேன்.

வெள்ளைக்கார இஞ்சினீயரோடு நான் சண்டை போட்டுக் கல்லைக் காப்பாற்றினேன் என்று நீ கேட்டு வளர்ந்த கதை இருக்கிறதே, அப்படி ஒன்று நடக்கவே இல்லை. அந்தத் துரையை நான் பார்த்தது அவர் காரில் போனபோது, தூசிக்கு நடுவில், அதுவும் தொப்பியை மட்டும். முதலில் உன் மாமன் யாரோ சொல்லக் கேட்டு வந்து சொன்னான். நான் மறுக்கவில்லை. வருஷத்துக்கு வருஷம் கதை வளர்ந்தது, துரை மேஜையைத் தட்டினார், நான் தலைப்பாகையை அவிழ்க்கவில்லை என்றெல்லாம். நீ சின்ன வயதில் அதைக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பிச் சிரிப்பாய். அந்தச் சிரிப்புக்காகவே நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். வெட்கக்கேடு.

இதுவரைக்கும் சொன்னது ஒரு சின்னப் பொய். யாரும் செய்வதுதான் என்று நீ மன்னித்துவிடலாம். மீதியைக் கேள். அத்தை கல்லுக்கு நூறு தப்படி கிழக்கே, தென்புறத்தில் இன்னொரு சுமைதாங்கி இருந்தது. நீ அதைப் பார்த்திருக்க முடியாது. சடையன் தெரியுமல்லவா, கல் உடைக்கிற சடையன், நம் ரோட்டில் வெகுகாலம் வேலை பார்த்தவன். அவன் பெண்டாட்டி பாவாயியும் உன் அத்தை போலத்தான் போனாள், எட்டாம் மாதத்தில். கல் வாங்க அவனிடம் என்ன இருந்தது? மலையடிவாரத்துப் பாறையில் அவனே பிளந்து, அவனே கொத்தி, அண்ணன் தம்பிகளோடு தூக்கி வந்து நட்டான். எழுத்துத் தெரியாது. பெயருக்குப் பதிலாகப் பலகைக்கல்லின் மேல்முகத்தில் இரண்டு வளையல் செதுக்கியிருந்தான், ஒன்றுக்குள் ஒன்று மாட்டினாற்போல. நம் கிணற்றில் அவன் வாளி இறங்க முடியாது. நம் வாசலுக்கு அவன் வரமுடியாது. ஆனால் அவன் நட்ட கல்லில் சுமையை இறக்கி வைக்கும்போது ஊரில் எவரும் அது யாருடையது என்று கேட்டதில்லை.

நான் தெற்கே தள்ளிய கோடு நேராக அதன் மேல் போனது. எனக்குத் தெரியாமல் போகவில்லை. ஓவர்சீயரிடம் தெற்கு என்று கையைக் காட்டும்போதே அந்தக் கல் என் கண்ணுக்கு எதிரில்தான் நின்றது. நம் கல்லை அசைத்தால் அவள் கோபித்துக்கொள்வாள், பாவாயி கோபித்துக்கொள்ளமாட்டாள் என்று நான் எங்கே படித்தேன்? படிக்கவில்லை, நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. நினைக்க வேண்டிய விஷயமாகவே அது எனக்குப் படவில்லை. அதைத்தான் உனக்கு எப்படி எழுதுவது என்று இரண்டு நாளாகத் திணறுகிறேன்.

கல்லை எடுக்கச் சொல்லிச் சடையனையே விட்டேன். அவன் ஒரு சொம்பில் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து கல்லின் மேல் ஊற்றினான்.

"நட்ட கையாலயே எடுக்கச் சொல்றீங்களே சாமி" என்றான்.

"வேல முடியட்டும். பின்னால தள்ளி மறுக்கா நட்டுக்கலாம். நானே ஆள் தாரேன்" என்றேன்.

"நடலாமுங்களா?"

"அட, நடலாங்கறன்ல."

"அப்பச் செரீங்க சாமி."

அவனும் மூன்று பேரும் பலகைக்கல்லை இறக்கிப் புளியமரத்தடியில் படுக்க வைத்தார்கள். அவன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து அதன் மேல் போட்டுவிட்டுப் போனான். ஒரு மாதம் அப்படியே கிடந்தது. இதற்குள் நாலாவது மைல் கல்லுக்குப் பக்கத்தில் ஓடை குறுக்கே வருகிறதே, அந்தச் சிறுபாலத்தை நீட்ட வேண்டியிருந்தது. மூடுவதற்கு ஐந்து கல் வந்ததில் ஒன்று வண்டியிலிருந்து இறக்கும்போது இரண்டாகப் பிளந்துபோனது. மறுநாள் மேலதிகாரி பார்வைக்கு வருகிறார். புதுக் கல்லுக்கு எழுதிப்போட்டால் பதினைந்து நாள். என் பேர் கெட்டுவிடுமே என்று இருந்தது. புளியமரத்தடியைப் பார்த்தேன். அளவு சரியாக இருந்தது.

சடையன் அன்றைக்கு அங்கே இல்லை. காலையிலேயே அவனை மலையடிவாரத்துக்கு ஜல்லி உடைக்க அனுப்பியிருந்தேன். வேண்டுமென்றேதான் அனுப்பினேனா என்று இத்தனை வருஷமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். வேண்டுமென்றேதான். வெளியூர் ஆட்கள் நாலு பேரை வைத்துக் கல்லைத் தூக்கிப் பாலத்தில் போட்டேன். முதலில் வளையல் மேலே தெரிகிறாற்போல வைத்தார்கள். புரட்டிப் போடச் சொன்னேன். ஒருத்தன் ஏனென்று கேட்டான். மேடு பள்ளமாக இருக்கிறது, சக்கரம் இடறும் என்றேன். வளையல் தண்ணீர்ப் பக்கம் போனது. மேலே சரளையும் மண்ணும் கொட்டித் திம்ஸ்கட்டையால் இடித்து இறுக்கிவிட்டோம். மேலதிகாரி மறுநாள் வந்தார், பாலத்தின் மேல் காரிலேயே போனார், நல்ல வேலை என்று சொன்னாராம்.

மூன்றாம் நாள் சடையன் வந்தான். புளியமரத்தடியில் அவன் துண்டு மட்டும் மடித்தபடி கிடந்தது.

"கல்லக் காணமுங்களே சாமி."

"எவனோ வண்டிக்காரன் வண்டில தூக்கிப் போட்டுட்டுப் போயிட்டான். நான் என்ன, ராவும் பகலும் காவலா இருக்க முடியும்? எழுதிப் போடறேன்" என்றேன்.

அவன் துண்டை எடுத்து உதறினான். வண்டிக்காரன் கல்லை எடுத்துக்கொண்டு துண்டை மடித்து வைத்துவிட்டா போவான்? துண்டை மடித்து வைத்தவன் நான்தான். ஏன் அப்படிச் செய்தேனோ. அவன் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். செரீங்க சாமி என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டான். பத்து நாள் கழித்து நீ பிறந்தாய், மாதத்துக்கு முந்தி, ஆனால் நல்லபடியாக. உன் அப்பாரு அத்தை கல்லுக்கு மாலை போட்டார். நான் பக்கத்தில் கையைக் கூப்பிக்கொண்டு நின்றேன்.

அதற்கப்புறம் ஒரு விஷயத்தைக் கவனிக்க ஆரம்பித்தேன். கூலியாட்கள் கூடையும் மண்வெட்டியுமாக வரிசையாகப் பாலத்தைத் தாண்டுவார்கள். சடையன் மட்டும் பாலம் வந்ததும் ரோட்டை விட்டு ஓடையில் இறங்கி, அந்தப் பக்கம் ஏறி வருவான். ஜல்லிக் கூடை தலையில் இருந்தாலும் அப்படித்தான். மழைக்காலத்தில் இடுப்பளவு தண்ணீரிலும் அப்படித்தான். மற்றவர்கள் கிண்டல் செய்து பார்த்து விட்டுவிட்டார்கள். பாலத்தின் ஓரத்தில் கல்லின் பக்கவாட்டு முகம் வெளியே தெரிகிறது. தன் உளி போன தடம் கல் கொத்துகிறவனுக்குத் தெரியாமலா போகும்? ஒரு நாள், இரண்டு நாள் இல்லை சாமி, நீ தவழ்ந்து, நடந்து, பள்ளிக்கூடம் போய், மதராசுக்குப் படிக்கப் போகிற வரைக்கும் அவன் இறங்கி ஏறிக்கொண்டே இருந்தான். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கல் போன இடத்தில் பெண்கள் வந்து திகைப்பதையும் பார்த்தேன். சந்தைக்கு மஞ்சள் மூட்டையும் புல்லுக்கட்டும் சுமந்து வருகிறவர்கள் கிழக்கேயிருந்து வரும்போது முதலில் பாவாயி கல்தான் வரும். இத்தனை தூரம் வந்துவிட்டோம், இதோ இறக்கிவிடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு நடந்து வந்திருப்பார்கள். அங்கே ஒன்றும் இருக்காது. ஒரு தடவை பிள்ளைத்தாய்ச்சிப் பெண் ஒருத்தி, முகமெல்லாம் வேர்வை, "மேஸ்திரிங்க, ஒரு கை புடிங்க, எறக்கோணும்" என்றாள். பிடித்தேன். இங்கே ஒரு கல்லு இருந்துச்சே என்றாள். ரோட்டை அகலம் பண்ணினதில் போய்விட்டது என்று சொன்னேன், ஏதோ ரோடே எழுந்து வந்து கல்லைத் தின்றுவிட்ட மாதிரி.

யுத்தம் நடந்த காலத்தில், பெட்ரோல் கிடைக்காமல் கரி பஸ் ஓடிக்கொண்டிருந்தபோது, ஒரு நாள் பஸ் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. நான் இறங்கி நடந்து வந்தேன். பாலத்தின் மேல் வந்தபோது எதிரே சடையன் வந்தான். தலை நரைத்துவிட்டது. தலையில் விறகுக்கட்டு. பாலம் வரைக்கும் வந்து ஓடைப் பக்கம் திரும்பினான். கால் வழுக்கியது. என்னையும் அறியாமல் கேட்டுவிட்டேன்.

"பாலத்து மேலயே வந்தா என்ன சடையா?"

அவன் கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். கோபமே இல்லை. வழி கேட்டவனுக்கு வழி சொல்வது போலச் சொன்னான்.

"அவ மேல கால் வெக்க மனசு வர்றதில்லீங்க சாமி."

சொல்லிவிட்டு இறங்கிப் போனான். அந்த இடத்தில், அந்தக் கல்லின் மேல்தான் செருப்புக் காலோடு நின்றுகொண்டிருந்தேன். அவன் அந்தப் பக்கம் ஏறி, வளைவு திரும்பி மறைகிற வரைக்கும் நின்றேன். பிறகு வீட்டுக்கு வந்து கை கால் கழுவிக்கொண்டு சாப்பிட்டேன். சாப்பிட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

எல்லாம் உனக்காகத்தான், வயிற்றில் இருந்த உனக்காகத்தான் என்று வெகுகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பிறக்காத பிள்ளை மேல் பழியைப் போட்டுவிட்டு அப்பன் நான் சுகமாக இருந்தேன். உன் கடிதம் வந்த பிறகு அதுவும் நிற்கவில்லை. கோட்டைத் தெற்கே தள்ளினது வேண்டுமானால் உனக்காக இருக்கட்டும். கல்லைப் புரட்டிப் போட்டது யாருக்காக? வண்டிக்காரன் என்று சொன்னது யாருக்காக? இப்போது நீயும் அதே கோட்டை, அதே பயத்துக்காக, அதே பக்கம் தள்ளப் போகிறாய். அதுவும் என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டு. தெற்கே இப்போது என்ன இருக்கிறது என்பது உன் வரைபடத்தில் இருக்காது. சடையனும் அவன் தம்பி மக்களும் குடியிருக்கிற ஐந்து குடிசை இருக்கிறது. பட்டா கிடையாது. புறம்போக்கு என்று ஒரு வரியில் எழுதித் தள்ளிவிடலாம். அப்பனுக்கு ஒரு கல், மகனுக்கு ஐந்து வீடு.

ஆகையால் கோட்டை வடக்கே போடு. வேண்டிய அகலம் முழுவதையும் வடக்கிலேயே எடுத்துக்கொள். மண் நல்ல மண், நான் சொல்கிறேன் என்று நம்பாதே, குத்திப் பார். இந்தத் தடவை உன் அத்தை கல் எடுபடட்டும். உன் அம்மா அழுவாள், அவளிடம் நான் பேசிக்கொள்கிறேன். மருமகள் ஏழு மாதம் என்பதை நான் மறக்கவில்லை. பயம் போய்விட்டது என்று நினைக்காதே. நல்லாயி என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவள், கோபம் வந்தால் யார் மேல் வர வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். கல்லை எடுக்கிற அன்றைக்கு மஞ்சள் தண்ணீர் நான் ஊற்றுகிறேன். சுமை யார் மேலாவது ஏறித்தான் ஆக வேண்டும் என்றால் என் மேல் ஏறட்டும் என்று சொல்லி ஊற்றுகிறேன்.

முதலிலிருந்து இதை ஒரு தடவை வாசித்துப் பார்த்தேன். அந்தக் கால ஓவர்சீயருக்கும் துரைக்கும் அவர் இவர் என்று எழுதியிருக்கிறேன். சடையனுக்கு முழுக்க அவன் இவன்தான். என்னைவிட இரண்டு வயது மூத்த மனுஷர். அடித்துத் திருத்தலாம் என்று பேனாவை எடுத்தேன், பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். இப்படிப்பட்டவன்தான் உன் அப்பன் என்று நீ பார்க்க வேண்டும்.

இதைத் தபாலில் போட்டுவிட்டு அவர் குடிசைக்குத்தான் போகிறேன். அவருக்குத் தெரிந்ததைத்தான் சொல்லப் போகிறேன், ஆனாலும் என் வாயால் சொன்னதில்லை அல்லவா? அவர் என்ன சொல்வாரோ தெரியாது. செரீங்க சாமி என்று சொல்லிவிட்டால்தான் என்ன செய்வதென்று எனக்குப் புரியவில்லை. நீ திங்கட்கிழமை வந்ததும் முதலில் சிறுபாலத்தைப் பிரி. மேலே இருக்கிற மண்ணை ஆட்கள் வாரட்டும். தெற்கு ஓரத்துக் கடைசிக் கல். கடப்பாறை போட்டுப் புரட்டாதே, வளையல் அடிப்பக்கம் இருக்கிறது, முனை உடைந்துவிடும். கையால்தான் தூக்க வேண்டும். எங்கே நடுவது என்று அவரைக் கேள், என்னைக் கேட்காதே. அதைத் தூக்க நாலு ஆள் வேண்டும். மூன்று ஆளுக்குச் சொல்லி வை.